துயிலும் விழிப்பும்: ஆலைத்தொழில் வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி

உறக்கத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. துயில், துஞ்சல், கண்படை, அனந்தல் என்பன ஒருபொருட் கிளவிகள் போலத் தோன்றினும் ஆட்சியில் வேறுபாடு உடையன. துஞ்சல் உறக்கத்தோடு இறப்பையும் சுட்டும். கண்படைநிலை, துயிலெடைநிலை என்னும் புறத்துறைகளால் மன்னன் உறங்கலும் உறக்கம் நீங்கி எழுதலும் பாடுபொருளாயின. அனந்தலோ, எழவேண்டிய பொழுது கடந்தும் நீளும் தூக்கம்; அதனை ஆத்திசூடி விலக்கிற்று. வேந்தன் துயில் பாடப்பெற்றது. ஏனையோர் துயில் கடியப்பட்டது எனின் மிகையாகாது. பாடுதற்கும் கடிதற்கும் அப்பால், துயிலை அளத்தற்கு உரிய பொருளாகக் கொண்டது அண்மைக் காலமே. அவ்வளவை உழைப்பாரிடத்து நிகழ்ந்த வரலாற்றினைத் திருப்பூர் வட்டாரத்தை உளங்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வள்ளுவர் மடியின்மை அதிகாரத்துள் காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், துயில் என்னும் நான்கினையும் ஒருங்குவைத்து, கெடுவார் விருப்புற்று ஏறும் மரக்கலம் அவை என்றார். இக்குறளை எடுத்துக்காட்டி, உறக்கம் குற்றமே என முடிப்பாரைப் பலகால் கேட்டுள்ளோம். அம்முடிபு பொருந்துவதன்று. குறளின் அழுத்தம் துயிலின்மேல் மட்டும் விழவில்லை. அதன்கண் வைத்த விருப்பின்மேலும் விழுகின்றது. விரும்பி ஏறுவான் ஒருவன். தளர்ந்து விழுவான் வேறொருவன். பின்னவனைப் பற்றி அக்குறள் யாதும் கூறிற்றிலது. இவ்வேறுபாடு பின்னர் வேண்டப்படும்.

கனவினைப் பற்றித் தமிழ்நூல்கள் கூறுவன இரு திறத்தன. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன், கோப்பெருந்தேவி ஆகிய மூவர் கண்ட கனவும் வருவதுரைப்பன. கனவுநிலையுரைத்தல் அதிகாரத்தில் வருவதோ நனவில் எய்தாததனைத் துயிலில் எய்தும் தலைவியின் கனவு. 1900ஆம் ஆண்டினைத் தாங்கி வெளிவந்த பிராய்டின் கனவு நூலோடு இதனை ஒப்பிட்டு மகிழ்வார் உளர். ஒப்புமை ஓரளவு உண்டு. அதற்குமேல் இழுத்தல் ஆராய்ச்சியன்று. இவற்றினும் நுண்ணியது சைவசித்தாந்தம் கூறும் ஐந்து அவத்தை. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தை ஒட்டி எழுந்த உரைமரபு, நனவில் 35 கருவிகளும், கனவில் 25உம், உறக்கத்தில் 3உம், பேருறக்கத்தில் 2உம், உயிர்ப்படக்கத்தில் 1உம் தொழிற்படும் என எண்ணிட்டு உரைக்கும். அதன் நாட்டம் உயிரின் இயல்பை உணர்த்துதலே; உடற்கூற்று ஆராய்ச்சியன்று. எனினும் உறக்கம் என்பது விளக்கணைத்தாற் போன்ற ஒற்றை நிகழ்ச்சியன்று, படிப்படியாகக் கருவிகள் ஒடுங்குதல் என்னும் கருத்து அங்குத் தெளிவாக உள்ளது.

மேனாட்டார் இப்படிகளைக் கருவிகொண்டு கண்டனர். 1929இல் செருமானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிந்து வெளியிட்டார். 1937இல் லூமிசும் அவர்தம் துணைவரும் அவ்வலைகளைக் கொண்டு உறக்கத்தினைப் படிகளாகப் பகுத்தனர். 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்மணிகள் விரைந்து அசையும் உறக்கநிலையையும், அதற்குக் கனவோடுள்ள தொடர்பையும் வெளியிட்டனர். கவனத்தைப் பற்றிய ஆராய்ச்சி வேறொரு வழியில் வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் ராடார்த் திரையை நோக்கியிருப்போர் குறிகளைத் தவறவிடுதல் கண்டு, மேக்வொர்த் என்பார் கடிகார முள்ளின் இயக்கத்தை இடைவிடாது நோக்குமாறு மக்களை அமர்த்தி ஆராய்ந்தார். முதல் அரைமணி நேரத்திலேயே கூர்மை குறைதலை 1948இல் அவர் வெளியிட்டார். ஒரேவகைக் காட்சியைத் தொடர்ந்து நோக்குவார்க்குக் கவனம் தளர்தல் மனவுறுதியின் குறையன்று என்பது இதனால் புலனாயிற்று.

இதற்குக் கால்நூற்றாண்டு முன்னரே இவ்வினா ஒரு நூற்பாலையுள் எழுந்தது. தமிழ்நாட்டு ஆலைவட்டாரத்தார் கருதிப் பார்த்தற்குரிய நிகழ்ச்சி அது. 1923இல் பிலடெல்பியாவை அடுத்த ஆலை ஒன்றின் நூற்புப் பிரிவில் வேலையாட்கள் நிலைக்கவில்லை. பிற பிரிவுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு 6 பேர் அளவே மாறினர். இப்பிரிவிலோ நூறு பேர்க்குரிய இடங்களை நிரப்ப ஆண்டுக்கு 250 பேர் அளவு தேவைப்பட்டனர். ஊக்கத்தொகை பயன்தரவில்லை. காரணம் காண அழைக்கப்பெற்ற எல்டன் மேயோ, தொழிலாளர் செய்யும் வேலையை உடனிருந்து நோக்கினார். நாளொன்றுக்குப் பத்துமணி நேரம் நீண்ட பொறிகளின் இடையே மேலும் கீழும் நடந்து அறுந்த இழைகளை இணைப்பதே அவ்வேலை. கையும் காலும் ஓயா. கருத்துக்கோ முழுவேலை இல்லை. பொறியின் ஓசையில் அருகிருப்பாரோடு பேசவும் இயலாது. அந்நிலையில் உள்ளம் துன்ப நினைவுகளில் ஆழ்கின்றது எனக் கண்ட மேயோ, அதனைப் பகற்கனவு என்றே குறித்து, 1924இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலும் வைத்தார்.

அவர் கண்ட மருந்து எளியது. முற்பகலில் இருமுறையும் பிற்பகலில் இருமுறையும் பத்து நிமிடம் வேலையை நிறுத்திப் படுத்திருக்குமாறு செய்தார். உடலைத் தளர்த்தி ஓய்தற்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. சிலர் உறங்கினர். ஆட்கள் நீங்குதல் பிற பிரிவுகளின் அளவுக்குக் குறைந்தது. குறித்த உற்பத்தி அளவைக் கடந்தார்க்குரிய மிகையூதியத்தை அதுகாறும் பெறாத அப்பிரிவினர் பெறலாயினர். 1924 தொடக்கத்தில் சரக்கின் தேவை மிகுந்தபோது மேற்பார்வையாளர் ஓய்வினை நிறுத்தினர். சின்னாளில் உற்பத்தி வீழ்ந்தது. ஆலைத்தலைவர் தலையிட்டு ஓய்வினை மீட்டார். விரைவு வேண்டும்போது முதலில் வெட்டப்படுவது ஓய்வே என்னும் செய்தியினை இந்நிகழ்ச்சி ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே காட்டிற்று.

இந்தியாவில் துணியாலை பற்றிய உளநூல் ஆராய்ச்சி அகமதாபாத்தில் சிறந்தது. 1953இல் அங்குத் தொடங்கிய ஏ. கே. ரைசின் ஆய்வு பெயர்பெற்றது. எனினும் அதன் நாட்டம் பணிக்குழு அமைப்பின்மேலது, உறக்கத்தின்மேலதன்று.

இனித் திருப்பூருக்கு வருவோம். 1930களில் வேரூன்றிய பனியன் தொழில், 1970களின் பிற்பகுதியில் அயல்நாட்டு ஏற்றுமதியாகக் கிளைத்தது. இங்குக் காலத்தை அளக்கும் கோல் ‘ஷிப்ட்’ என்னும் சொல்லே. எட்டுமணி நேரம் ஒரு ஷிப்ட். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். கப்பல் ஏறும் நாள் நெருங்கின் இரவும் பகலாகும். நூற்பாலையிலும் பின்னல்கூடத்திலும் பொறிகள் இரவிலும் ஓடுவன. தையற்பொறியில் ஒரே மடிப்பைத் தைப்பவரும், செக்கிங் மேசையில் பிழையான தையலைத் தேடுபவரும் செய்வது மேக்வொர்த்தின் கடிகாரத்தை நோக்குதல் போன்ற வேலையே. உற்பத்தி எண்ணப்படுகின்றது, பிழை எண்ணப்படுகின்றது. முன்னிரவில் அவர்தம் துயில் எண்ணப்படுவதில்லை. இவ்வட்டாரத்திலிருந்து வரும் முதுகலை மாணவருள்ளும் இரவுப்பணி முடித்து வகுப்பில் அமர்வார் உளர். அவர்தம் கண் சோர்தலை அனந்தல் எனல் சொல்லாட்சிப் பிழை.

குறைந்த துயிலின் விளைவு 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வால் தெளிவுற்றது. பதினான்கு நாள் தொடர்ந்து நாளும் ஆறுமணி நேரமோ அதனிற் குறைவோ உறங்கினாரின் கவனச்சோர்வு, இரண்டு இரவுவரை முற்றும் உறங்காதார் நிலையை எட்டியது. தாம் தளர்ந்துள்ளோம் என்பதை அவர்கள் பெரிதும் உணர்ந்திலர். தளர்ந்தவன் தன் தளர்ச்சிக்குச் சான்றாகான் என்பது இதன் பொருள்.

தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த பேராய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. பெசோன், கௌதம் ராவ், ஷில்பாக், ஸ்கோபீல்டு, தோமா ஆகிய ஐவர் சென்னையில் குறைந்த வருவாயுடைய 452 பேரைக் கணினியில் விவரம் பதியும் வேலையில் ஒரு திங்கள் அமர்த்தினர். மணிக்கட்டில் கட்டிய கருவி உறக்கத்தை அளந்தது. அவர்கள் இரவில் ஏறத்தாழ எட்டுமணி நேரம் படுக்கையில் இருந்தும் உறங்கியது ஐந்தரை மணி நேரமே. வெப்பம், ஓசை, கொசு, இடநெருக்கடி ஆகியன துயிலைத் துண்டுதுண்டாக்கின. கிடத்தல் வேறு, துயிலல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. மெத்தை, தலையணை, மின்விசிறி, காதடைப்பான், கண்மறைப்பு ஆகியன சிலர்க்கு வழங்கப்பட்டன. ஊக்கவுரையும், சிலர்க்குப் பணமும் அளிக்கப்பட்டன. இரவுத்துயில் 27 நிமிடம் கூடிற்று. பெரும்பயன் விளையும் என அறிஞர் முன்னரே கணித்திருக்க, வேலைத்திறனோ நலனோ குறிப்பிடத்தக்கவாறு உயரவில்லை. நீண்டது துயிலின் அளவே. அதன் துண்டுபட்ட தன்மை மாறவில்லை என்பது ஒரு விளக்கம்.

பிற்பகலில் பணியிடத்தில் அமைதியான படுக்கையில் அரைமணி நேரம் உறங்கினார்க்கோ கவனமும் வேலைத்திறனும் மனநலனும் உயர்ந்தன. பகலுறக்கம் மடி என்று பன்னெடுங்காலம் கருதப்பட்ட நாட்டில் இம்முடிபு வியப்பளிப்பது. இவர் அக்கலத்தில் விருப்புற்று ஏறினார் அல்லர். இரவு தராததைப் பகலில் ஈடுசெய்தார்.

எனினும் இவ்வாய்வின் மற்றொரு முடிபினை மறைத்தல் நேர்மையன்று. வேலை நிறுத்தி வெறிதே இருந்தாரோடு ஒப்பிட, உறங்கினார் மிகுதியாக ஈட்டினர். ஓய்வே இன்றி அவ்வரைமணியும் உழைத்தாரோடு ஒப்பிட, குறைவாகவே ஈட்டினர். பிலடெல்பியாவில் ஓய்வு மிகையூதியம் தந்தது. சென்னையில் அரைமணிக் கூலியை உறங்கினாரே இழந்தார். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் திருப்பூர்த் தொழிலாளி தன் கையிழப்பை நினைந்து படுக்க மறுப்பானாயின், அதனை அறியாமை எனல் இயலாது. அவ்வரைமணிக்கு உரிய கூலியை ஏற்பவர் யார் என்பதே இங்கு எஞ்சும் வினா. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐந்துமணி நேர உழைப்பிற்குப் பின் அரைமணி இடைவேளையையும், 150 பேர்க்கு மேற்பட்ட ஆலைகளில் ஓய்வறையையும் விதித்தது. படுக்கையைப் பற்றி அது பேசவில்லை. திருப்பூரின் சிறு ஜாப் ஒர்க் கூடங்கள் பல அவ்வெண்ணை எட்டாதன. அவற்றில் நண்பகலில் தலைசாய்ப்பார்க்குத் துணிக்கட்டின் மேற்பரப்பே பாயல்.