உளவறிக்கையும் நீதிமன்றமும்: கர்பால் சிங் வழக்கை முன்வைத்து

முன்னுரை

பினாங்குத் தீவின் கெலுகோர் வட்டாரம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தால் கல்வியுலகில் நன்கு அறியப்பட்டதாகும். அரசியல் வரலாற்றில் அதற்கு மற்றோர் அடையாளமும் உண்டு. 2004 முதல் 2014இல் மறையும் வரை புக்கிட் கெலுகோர் நாடாளுமன்றத் தொகுதியின் உறுப்பினராக விளங்கியவர் வழக்கறிஞர் கர்பால் சிங். உளவுத்துறையின் கூற்றை நீதிமன்றம் ஆராயலாமா என்னும் வினாவைக் கூர்மையாக எழுப்பியது அவர் 1988இல் தொடுத்த வழக்கு. அவ்வழக்கையும் அதன் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

சட்டத்தின் அமைப்பு

1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டப்படி, காவல்துறை ஒருவரைப் பிடியாணையின்றிக் கைது செய்து 60 நாள் வரை விசாரணைக் காவலில் வைக்கலாம். அதன்பின் உள்துறை அமைச்சர் ஈராண்டுத் தடுப்பாணை பிறப்பிக்கலாம். அதனை மீண்டும் மீண்டும் நீட்டிக்கவும் செய்யலாம். குற்றப்பத்திரிகையோ சாட்சி விசாரணையோ தேவைப்படவில்லை. ஆதலால் காவல்துறையின் சிறப்புப் பிரிவு திரட்டிய தகவலே ஒருவருடைய விடுதலையைத் தீர்மானிக்கும் நிலை உருவாயிற்று.

லாலாங் நடவடிக்கையும் வழக்கும்

1987 அக்டோபர் 27இல் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் தடுத்து வைக்கப்பட்டனர். எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங், பி. பட்டு, வி. டேவிட், பினாங்கில் அலிரான் இயக்கத்தைத் தோற்றுவித்த சந்திரா முசாபர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். அப்போது ஜெலுத்தோங் தொகுதி உறுப்பினராக இருந்த கர்பால் சிங்கும் கைதானார்.

அவரது தடுப்பாணைக்கு ஆறு காரணங்கள் காட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று உண்மைக்கு மாறானது என்பது ஈப்போ உயர்நீதிமன்றத்தில் தெளிவாயிற்று. அத்தகைய பிழை, உரிய கவனமும் பொறுப்புணர்வுமின்றி ஆணை பிறப்பிக்கப்பட்டதையே காட்டுகின்றது எனக் கருதிய நீதிபதி பே சுவீ சின், ஆட்கொணர்வு மனுவை ஏற்று 1988 மார்ச் 9இல் அவரை விடுவித்தார். அன்றே அவர் மீண்டும் கைது செய்யப்பட்டார். பின்னர் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அமைச்சரின் மனநிறைவே போதுமானது, அதன் தகுதியை நீதிமன்றம் ஆராயலாகாது என்பது அதன் நிலைப்பாடு. 1989 சனவரியில்தான் கர்பால் சிங் விடுதலை பெற்றார். அவ்வாண்டே கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம், நடைமுறை விதிகள் பின்பற்றப்பட்டனவா என்பதை மட்டுமே நீதிமன்றம் ஆராயலாம் என வரையறுத்தது.

பிற்கால நிலை

2007 டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் இதே சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். 2012இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் நடைமுறைக்கு வந்தது. விசாரணைக் காவல் 28 நாளாகக் குறைந்தது. எனினும் நீதிமன்ற அனுமதியின்றியே, அரசு வழக்குரைஞரின் ஒப்புதலோடு தகவல்தொடர்புகளை இடைமறிக்க அது வழிவகுத்தது.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புபடுத்தி இச்சட்டத்தின்கீழ்ப் பன்னிருவர் கைதாகினர். அவர்களுள் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். கைப்பேசியிலோ முகநூலிலோ ஒரு தலைவரின் படத்தை வைத்திருப்பது எவரையும் பயங்கரவாதியாக்கிவிடாது எனக் கூறி, 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். திறந்த நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தமையாலேயே சான்றின் வலுவை எடைபோட நேர்ந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

அந்தரங்க உரிமை

2010இல் சிவராசா இராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், தனிமனித விடுதலையைக் காக்கும் அரசியலமைப்பின் 5ஆம் பிரிவில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்றது. அதற்கு அது சுட்டிய 1975ஆம் ஆண்டின் இந்தியத் தீர்ப்பு, காவலர் இரவில் வீடு தேடிச் சென்று கண்காணித்தமை குறித்த கோவிந்த் வழக்கில் எழுந்ததாகும். ஆயினும் 2010இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தவில்லை.

முடிவுரை

உளவுத்துறை அரசுக்கு இன்றியமையாதது. அதன் பணியில் மறைபொருள் இருப்பதும் இயல்பே. ஆனால் கர்பால் சிங் வழக்கில் பிழை வெளிப்பட்டதற்குக் காரணம், காட்டப்பட்ட காரணங்களை ஒரு நீதிபதி பொருண்மை நோக்கில் படித்துப் பார்த்ததேயாகும். பின்வந்த திருத்தம் அறிக்கையின் பிழையைத் திருத்தவில்லை. பிழையைக் காணும் வாயிலையே அடைத்தது. சட்டங்களின் பெயர் மாறினும், உளவறிக்கையைச் சோதிக்கும் அதிகாரம் சார்பற்ற ஒருவரிடம் உள்ளதா என்பதே குடிமக்களின் உரிமையை அளக்கும் அளவுகோலாகும்.