அம்பலமும் சாவடியும்

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்ற பழமொழியில் வரும் அம்பலம் கோயில் அல்ல. ஊர் கூடி வழக்குப் பேசும் பொது இடம். மேலூர் வட்டாரத்துக் கள்ளர் நாடுகளில் ஊர்த் தலைவருக்கு இன்றும் அம்பலகாரர் என்றே பெயர். தில்லைக் கூத்தன் ஆடுவதும் அம்பலத்தில்தான். அதற்குப் பொன் வேய்ந்த புகழைச் சோழர் செப்பேடுகள் முதலாம் பராந்தகனுக்குக் கொடுக்கின்றன.

மலையைத் தாண்டினால் பொருள் சுருங்கிவிடுகிறது. மலையாளிக்கு அம்பலம் என்றால் பெரும்பாலும் கோயில்தான். அரசின் ஆளுகையிலிருந்த அந்த அம்பலங்களுக்குள் எல்லா இந்துக்களும் போகலாம் என்று திருவிதாங்கூரில் ஆணை பிறந்தது 1936 நவம்பர் 12 அன்று. அதுவரை பொது என்பது வாசலோடு நின்றது. கடல் தாண்டினால் சிங்களத்தில் 'அம்பலம', வழிப்போக்கர் இளைப்பாறும் மண்டபம். குருநாகல் மாவட்டம் பனாவிட்டியவில் செதுக்கு வேலைப்பாடு நிறைந்த மரத்தூண்களோடு ஒன்று இருக்கிறது.

சாவடியின் கதையில் காசும் கணக்கும் அதிகம்.

மராத்தியில் சாவடி என்றால் ஊர் நிர்வாகம் நடக்கும் இடம். மதுரை, தேனிப் பக்கத்துச் சாவடிகளிலோ பஞ்சாயத்தும் நடக்கும், ஆடுபுலி ஆட்டமும் நடக்கும். ஊர்ச்சாவடி என்று பெயர் இருந்தாலும் பல ஊர்களில் சாதிக்கொரு சாவடிதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வாயில் இந்தச் சொல் 'சோல்ட்ரி' ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டுச் சென்னையில் சில்லறை வழக்குகள் தீர்ந்தது அங்கேதான். முதலில் அதிகாரி என்ற உள்ளூர்த் தலைவர் விசாரித்தார், பிறகு கம்பெனி ஆட்களே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள். கோட்டை மதிலின் ஒரு வாசலுக்கே 'சோல்ட்ரி கேட்' என்று பெயர் விழுந்தது.

சத்திரம், தங்குமிடம் என்ற பொருள்களும் சாவடிக்கு உண்டு. பூந்தமல்லிப் பக்கம் குமணன்சாவடி, வேலப்பன்சாவடி, பாலக்காட்டுச் சாலையில் க.க. சாவடி என நெடுஞ்சாலை ஓரங்களில் இந்தப் பெயர் வரிசையாக வருகிறது. ஆனால் இன்றைய பேச்சில் பிழைத்திருப்பவை சுங்கச்சாவடியும் சோதனைச்சாவடியும். உட்கார்ந்து பேசிய இடம், வண்டியை மறித்து நிறுத்தும் இடமாகிவிட்டது.

வாக்குச்சாவடி இன்னும் வேடிக்கை. ஊரே திரண்டு வருகிறது. ஆனால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் வாக்குப்பதிவு நாளன்று யாரும் வாக்குக் கேட்டு வாய் திறக்கக் கூடாது.