மகோந்தோவின் மறதி

அரசாங்க ஏடுகள் குறைத்துச் சொன்ன ஒரு துயரத்தைக் கதையொன்று காத்து வைத்தல் கூடுமா? கூடும் என்பதற்குக் கொலம்பிய நாட்டு எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் இயற்றிய 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்னும் நாவலே சான்றாகும். 1967-இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்த இந்நூலை 2013 முதல் தமிழிலும் நாம் படிக்கலாம்.

முதற்கண் வரலாற்றை நோக்குவோம். 1928 நவம்பரில், கொலம்பியாவின் கரீபியக் கடற்கரைப் பகுதியில், யுனைடெட் புரூட் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் வாழைத்தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வாரக்கூலி, ஞாயிறு ஓய்வு, கம்பெனிக் கடைச்சீட்டுக்கு மாற்றாக ரொக்கப் பணம் ஆகியவை அவர்தம் கோரிக்கைகளுட் சில. டிசம்பர் 5-ஆம் நாள் இரவு, சியேனாகா நகரின் ரயில் நிலையத்தருகே அவர்கள் திரண்டிருந்தனர். நள்ளிரவு கடந்தபின் கலைந்து போகுமாறு ஆணையிட்ட இராணுவம், சில நிமிடங்களில் சுட்டது. இறந்தோர் 47 பேர் என்றார் தளபதி கார்ட்டெஸ் வர்காஸ். ஆயிரத்துக்கு மேல் எனக் கேள்வியுற்றதாக அமெரிக்கத் தூதர் தம் அரசுக்கு எழுதினார். உண்மைத் தொகை இன்றளவும் முடிவாகவில்லை.

மார்க்கேஸ் 1927-இல் அதே வாழைத்தோட்டப் பகுதியிலுள்ள அரக்கட்டாக்காவில் பிறந்து, பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர். அவர் படைத்த மகோந்தோ என்னும் ஊரிலும் தொழிலாளர் சுடப்படுகின்றனர். 3,000 பிணங்கள் ரயிலேற்றப்பட்டுக் கடலில் எறியப்படுகின்றன. உயிர் தப்பி வந்தவன் சொல்வதை எவரும் நம்புவதில்லை. அப்படியொன்று நடக்கவேயில்லை என்கின்றனர். பின்னர் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் மழை ஓயாது பெய்கிறது.

3,000 என்பது கதாசிரியரின் கற்பனைத் தொகையே. அதனை அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே கணக்கறிய விழைவோர் நாவலை நாடுதல் தகாது. ஆனால் இறந்தோரை எண்ணாமலே விட்ட ஒரு சமூகம் மெல்ல மெல்ல மறதியில் ஆழும் விதத்தை அறிய விழைவோர்க்கு, இதனினும் சிறந்த நூலை நாம் எடுத்துரைக்க இயலாது. மாய யதார்த்தம் என்று கூறப்படும் இம்முறையில், நம்பத்தகாத மழை இயல்பாய்ப் பெய்கிறது. நடந்த கொலையோ நம்பத்தகாததாகி விடுகிறது. வியப்பு அங்கேதான் இருக்கிறது.

இதே ஊரை முன்னொரு காலத்தில் உறக்கமின்மை என்னும் நோய் பற்றுகிறது. பொருள்களின் பெயர்களை மக்கள் மறக்கத் தொடங்கி, நாற்காலி, கடிகாரம், பசு என ஒவ்வொன்றின்மீதும் பெயரெழுதி வைக்கின்றனர். வெளிமாநிலத்தில் வாழ்ந்துகொண்டு, வீட்டுப் பொருள்களின் தமிழ்ப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் நம்மவர்க்கு அப்பகுதி அயலாகத் தோன்றாது.

படிக்கப் புகுவோர்க்கு ஒரு சொல். பாட்டன் பெயரே பேரனுக்கும் அவன் மகனுக்கும் வருவதால் தொடக்கத்தில் மயக்கம் நேரும். வம்சாவளியைத் தாளொன்றில் எழுதி அருகில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.