மவுலிவாக்கத்து மாடம்

பல நிலைகள் கொண்ட வீடு தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் தென்றலை எதிர்கொண்டது புகாரின் உயர்ந்த மாடமொன்றின் இடைநிலையில்தான். ஆனால் மாடம் எவ்வாறு எழுகிறது என்று அறிய வேண்டுமெனில் நெடுநல்வாடைக்குச் செல்ல வேண்டும். அங்கே நூலறிந்தோர் நடுப்பகலில் கோல் நட்டு, நிழல் பார்த்துத் திசை தேர்ந்து, கயிறிட்டு அளந்த பின்னரே அரண்மனை எழுகிறது. முதலில் நிலம், பிறகுதான் சுவர்.

இந்த வரிசையை மறந்தால் நேர்வது என்ன என்பதற்குச் சென்னைப் போரூரை அடுத்த மவுலிவாக்கம் சான்று. அங்கே 11 மாடிகள் கொண்ட இரண்டு குடியிருப்புக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. 'டிரஸ்ட் ஹைட்ஸ்' என்பது திட்டத்தின் பெயர். நம்பிக்கையின் உயரம் என்று பொருள் கொள்ளலாம். 2014 ஜூன் 28, மழை பெய்துகொண்டிருந்த மாலையில் அவற்றுள் ஒன்று அப்படியே அமர்ந்து நொறுங்கியது. 61 பேர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் ஆந்திரம், ஒடிசா, தமிழகம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள்; அவ்வீடுகளில் என்றுமே குடியேற முடியாதவர்கள்.

மின்னல் தாக்கியதே காரணம் என்று கட்டியவர் தரப்பு கூறியது. நீதிபதி இரகுபதி தலைமையிலான ஆணையமோ கட்டுமானக் குறைபாடுகளையே சுட்டியது. எஞ்சி நின்ற இணைக் கட்டடமும் ஆபத்தானது என்று முடிவாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் 2016 நவம்பர் 2 அன்று, தூண்களில் துளையிட்டு வெடிமருந்து வைத்து, சில நொடிகளில் அதைத் தகர்த்தார்கள். அப்பணியை ஏற்றது திருப்பூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம்.

இந்தத் தொடர்பு தற்செயலானதுதான். எனினும் திருப்பூரில் இருப்பவர்க்கு மவுலிவாக்கம் அந்நியமன்று. அது வீழ்ந்த நாள் சனிக்கிழமை. கூலிக்காகக் கூடியிருந்தவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்களும் உள்ளே அகப்பட்டதாக அன்றைய செய்திகள் கூறின. பனியன் தொழிலாளிக்கும் சனிக்கிழமைதான் சம்பள நாள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருவோரின் உழைப்பால்தான் இங்கே தையல் எந்திரங்கள் ஓடுகின்றன.

கட்டடம் விழுந்தால் அதன் உயரம் நினைவில் நிற்கிறது, வீடு வாங்கியோரின் இழப்பு வழக்காகிறது, மாண்டவர்கள் ஓர் எண்ணாகச் சுருங்குகிறார்கள். இது இன்றைய குறை மட்டுமன்று. நெடுநல்வாடையில் கயிறிட்டு அளந்த நூலறிந்தோர் உண்டு, கதவைப் பொருத்திய கைவல்ல கம்மியனும் உண்டு. மண் சுமந்தவர்கள் இல்லை. நம் மாடங்களின் வரலாற்றை இனி எழுதுவோர் முதலில் நிலத்தைப் பார்க்கட்டும். அடுத்து, அந்த நிலத்தில் சனிக்கிழமைக் கூலிக்காகக் காத்து நிற்பவர்களைப் பார்க்கட்டும்.