கேட்டு வாங்கும் ஃபேக்ஸ்

ஃபேக்ஸ் என்றால் ஒருவர் அனுப்ப வேண்டும், இன்னொருவர் பெற வேண்டும். பெரும்பாலானோருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் எதிர்முனை மெஷினுக்கு போன் போட்டு, அதில் வைத்திருக்கும் தாளை இங்கிருந்தே வரவழைக்கவும் முடியும். அதற்குப் பெயர் போலிங்.

ஃபேக்ஸின் வயது அதிகம். ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் பெய்ன் 1843-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1865-ல் காசெல்லியின் கருவி பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே பொதுமக்களுக்காக ஓடியது. ஆனால் அலுவலகம்தோறும் ஃபேக்ஸ் பரவியது 1980-ல் சி.சி.ஐ.டி.டி. அமைப்பு குரூப் 3 தரத்தை வகுத்த பிறகுதான். குரூப் 1 மெஷினில் ஒரு பக்கம் போக ஆறு நிமிடம் ஆகும். குரூப் 2-ல் மூன்று. குரூப் 3-ல் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

இரண்டு மெஷின்களும் பேசிக்கொள்ளும் முறைக்கு டி.30 என்று பெயர். அழைப்பை எடுத்த மெஷின் முதலில் தன் திறமைகளைப் பட்டியலாகச் சொல்லும். "என்னிடம் கொடுப்பதற்கு ஆவணம் தயாராக இருக்கிறது" என்பதும் அந்தப் பட்டியலில் ஒரு குறி. வழக்கமாக, அழைத்த மெஷின் "இதோ அனுப்புகிறேன்" என்று பதில் சொல்லும். போலிங்கில் அதற்குப் பதிலாக "நீ அனுப்பு" என்று கட்டளை இடும். மாற்றம் அவ்வளவுதான்.

ஆனால் வணிகத்தில் இது பெரிய விஷயம். காரணம், அழைப்பவர்தான் போன் கட்டணம் கட்டுகிறார். கிளைகளில் அன்றைய விற்பனைக் கணக்கை மெஷினில் வைத்துவிட்டு ஊழியர்கள் வீட்டுக்குப் போய்விடலாம். கட்டணம் குறைவான இரவு நேரத்தில் தலைமை அலுவலக மெஷின் ஒவ்வொரு கிளையாக அழைத்து வாங்கிக்கொள்ளும். செலவு முழுவதும் ஒரே பில்லில் வந்துவிடும்.

1990களில் இதுவே ஒரு வியாபாரமும் ஆனது. பிரிட்டனின் வானிலைத் துறை மெட்ஃபேக்ஸ் என்ற பெயரில் வானிலைப் படங்களைக் கொடுத்தது. ஜெர்மனியில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் கூடுதல் விவரங்களுக்கு ஃபேக்ஸ் எண் கொடுத்தன. நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் வாங்கும் எண்களில், போன் பில்லே தகவலின் விலையாக இருந்தது.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. எண் தெரிந்த யார் அழைத்தாலும், காத்திருக்கும் தாளை மெஷின் கொடுத்துவிடும். வானிலைப் படம் என்றால் பரவாயில்லை, சம்பளப் பட்டியல் என்றால்? அதனால் கம்பெனிகள் பாஸ்வேர்டு வசதி வைத்தன. ஆனால் ஆளுக்கொரு முறை வைத்ததால், ஒரு பிராண்டு மெஷினின் பாஸ்வேர்டு இன்னொரு பிராண்டுக்குப் பல நேரம் புரியவில்லை. பாதுகாப்பு வேண்டுமென்றால் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே கம்பெனி மெஷினை வாங்க வேண்டியிருந்தது.

பிறகு இணையம் வந்து போலிங்கின் வேலையை எடுத்துக்கொண்டது. இணையப் பக்கமும் கேட்டால்தான் வருகிறது. கேட்பவர் யார் என்று பார்த்துக் கொடுப்பதுதான் அன்றும் சிக்கல், இன்றும் சிக்கல்.