ஜிடிகே லேபிள்

ஜிடிகே லேபிள் என்பது ஜிடிகே எனப்படும் வரைகலைப் பயனர் இடைமுகக் கருவித்தொகுப்பில், சாளரத்தின் மேல் உரையைக் காட்டப் பயன்படும் விட்ஜெட் ஆகும். பொத்தான், உரைப்பெட்டி, பட்டி போன்று இடைமுகத்தைக் கட்டமைக்கும் உறுப்புகள் அனைத்துக்கும் விட்ஜெட் என்பது பொதுப் பெயர். லேபிளில் உள்ள உரையைப் பயனர் படிக்கலாம், திருத்த இயலாது. திருத்தத்தக்க ஒற்றை வரி உரைக்கு என்ட்ரி என்ற விட்ஜெட்டும், பல வரிகள் கொண்ட நீண்ட உரைக்கு டெக்ஸ்ட் வியூ என்ற விட்ஜெட்டும் தனியே உள்ளன.

லேபிள் மிக எளிய உறுப்பாகத் தோன்றினாலும், ஒரு செயலி தன் பயனரிடம் சொல்லவேண்டியவற்றுள் பெரும்பகுதி இதன் வழியாகவே சென்று சேர்கிறது. பொத்தான்களின் மேலுள்ள சொற்கள், படிவங்களின் தலைப்புகள், எச்சரிக்கைகள், பிழைச் செய்திகள் ஆகியன பெரும்பாலும் லேபிள்களே. இதன் பண்புகள் தவறாக அமைக்கப்பட்டால் உரை பாதியில் வெட்டுப்படலாம். சாளரம் வேண்டாத அளவுக்கு அகலமாகலாம். செய்தியே தோன்றாமலும் போகலாம். நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டு இயங்குவதால், இத்தகைய குறைகள் பெரும்பாலும் பயனரின் திரையிலேயே முதன்முதலில் வெளிப்படுகின்றன.

வரலாறு

ஜிடிகே முதலில் கிம்ப் என்னும் படிமத் திருத்த மென்பொருளுக்காக உருவாக்கப்பட்டது. கிம்பைத் தொடங்கிய ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகிய இருவரும் அப்போது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களாக இருந்தனர். இத்தொகுப்பு சி நிரல்மொழியில் எழுதப்பட்டு, எல்ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்படுகிறது. க்னோம் பணிச்சூழல் இதன் மீதே கட்டப்பட்டுள்ளது.

இதன் 1.0 பதிப்பு 1998 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2002 இல் வந்த 2.0 பதிப்பு லேபிளைப் பொறுத்தவரை பெரிய திருப்பமாகும். அப்பதிப்பு முதல் உரைகள் அனைத்தும் ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் கையாளப்பட்டன. உரையைத் திரையில் அடுக்கும் பணி பாங்கோ என்னும் நிரலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 3.0 பதிப்பு 2011 இலும், 4.0 பதிப்பு 2020 இலும் வெளியாயின. முன்னர் ஜிடிகே+ என்று எழுதப்பட்ட பெயரில் இருந்த கூட்டல் குறி 2019 இல் நீக்கப்பட்டது.

உரையை இடுதல்

லேபிளை உருவாக்கும்போதே அதன் உரையைக் கொடுக்கலாம். பின்னர் மாற்றுவதற்குச் செட் டெக்ஸ்ட் என்னும் செயற்கூறு பயன்படுகிறது. கொடுக்கப்படும் சரத்தை லேபிள் தனக்கெனப் படியெடுத்துக்கொள்வதால், நிரலாளர் தம்மிடமுள்ள மூலச் சரத்தை நினைவகத்திலிருந்து விடுவித்துவிடலாம். மாறாக, கெட் டெக்ஸ்ட் மூலம் திரும்பப் பெறும் சரம் லேபிளுக்கே உரியது. அதை விடுவித்தல் கூடாது.

உரையை மாற்றிய உடனேயே திரை மாறிவிடுவதில்லை. கட்டுப்பாடு ஜிடிகேயின் முதன்மைச் சுழற்சிக்குத் திரும்பிய பின்னரே லேபிள் மீண்டும் வரையப்படும். ஆகையால் நீண்ட நேரம் ஓடும் மடக்கு ஒன்றின் உள்ளே "10 கோப்புகள் முடிந்தன", "20 கோப்புகள் முடிந்தன" என்று உரையை மாற்றிக்கொண்டே சென்றால், பயனர் இறுதி உரையை மட்டுமே காண்பார். வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, முதன்மைச் சுழற்சி ஓய்வாக உள்ளபோது இயக்குவது இதற்கான வழக்கமான தீர்வாகும்.

குறியீட்டு உரை

தடித்த எழுத்து, சாய்வெழுத்து, நிறம், எழுத்தளவு ஆகியவற்றை உரையின் ஒரு பகுதிக்கு மட்டும் அளிக்கச் செட் மார்க்கப் என்னும் செயற்கூறு உதவுகிறது. இது எச்டிஎம்எல் போலத் தோன்றும் சிறு குறியீட்டு மொழியை ஏற்கிறது. இதில் எழுத்தளவை எண்ணால் குறிக்கும்போது ஒரு புள்ளியின் 1024 இல் ஒரு பங்கே அலகாகக் கொள்ளப்படும். எனவே 12 புள்ளி அளவு வேண்டுமெனில் 12288 என்று எழுத வேண்டும்.

இம்மொழியில் & குறியும் கோண அடைப்புக்குறிகளும் தனிப்பொருள் உடையவை. ஒரு கோப்பின் பெயர் "அம்மா & அப்பா" என்று இருப்பதாகக் கொள்வோம். அப்பெயரைக் குறியீட்டு உரையின் நடுவே அப்படியே சேர்த்தால், உரையைப் பகுத்தறிய இயலாது போகும். லேபிள் புதிய உரையை ஏற்காது. புதிதாக உருவாக்கப்பட்ட லேபிளாயின் அது வெறுமையாகவே நிற்கும். இது குறித்த எச்சரிக்கை முனையத்தில் மட்டும் அச்சிடப்படுவதால், பட்டியிலிருந்து செயலியைத் தொடங்கிய பயனர் அதைக் காண்பதில்லை. "கோப்பை அழிக்கவா?" என்று கேட்கும் சாளரத்தில் எந்தக் கோப்பு என்பதே தெரியாமல் போவது இவ்வகைப் பிழையின் விளைவாக இருக்கக்கூடும்.

இதைத் தவிர்க்க, வெளியிலிருந்து வரும் உரையை முதலில் ஜிலிப் நிரலகத்தின் மார்க்கப் எஸ்கேப் செயற்கூறு மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். உரை முழுவதற்கும் ஒரே தோற்றம் போதுமெனில், குறியீட்டு மொழியையே தவிர்த்து, பாங்கோ பண்புப் பட்டியலை லேபிளுடன் இணைக்கலாம். அப்போது உரையும் தோற்றமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பிறர் அனுப்பும் செய்திகளைக் காட்டும் செயலிகளில் இது பாதுகாப்பு சார்ந்ததும் ஆகும். 2.18 பதிப்பு முதல் குறியீட்டு உரையில் இணைப்புகளையும் இடலாம் என்பதால், மாற்றப்படாத உரை வழியாகப் பிறர் பொய்யான இணைப்பைப் புகுத்த இடமுண்டு.

அகலமும் வரி மடிப்பும்

இயல்பாக லேபிள் தன் உரையை மடிப்பதில்லை. நீண்ட செய்தி ஒன்று ஒரே வரியாக நீண்டு சாளரத்தையும் அகலமாக்கிவிடும். மடிப்புப் பண்பை இயக்கினால் உரை பல வரிகளாகப் பிரியும். சொல் எல்லையில் மட்டும் பிரிப்பது, எழுத்து எல்லையில் பிரிப்பது, சொல் எல்லை கிடைக்காதபோது மட்டும் எழுத்து எல்லையில் பிரிப்பது என மூன்று முறைகள் உள்ளன.

2 ஆம் பதிப்புத் தொடரில் மடிக்கப்பட்ட லேபிள் சாளரத்தின் அகலத்தைப் பின்பற்றாமல், தானே கணித்த அகலத்தில் மடிந்தது. 3.0 பதிப்பில், கிடைக்கும் அகலத்துக்கேற்ப உயரத்தைக் கணிக்கும் முறை அறிமுகமானதால் இக்குறை நீங்கியது. மடிக்கப்படும் லேபிளுக்கு எழுத்து எண்ணிக்கையில் இரு அளவுகளைக் கொடுக்கலாம். முதலாவது குறைந்தபட்ச அகலத்தையும், இரண்டாவது இயல்பான அகலத்தையும் தீர்மானிக்கின்றன.

மடிக்க இடமில்லாத இடங்களில் உரையைச் சுருக்கி, விடுபட்ட பகுதிக்கு மூன்று புள்ளிகளை இடலாம். புள்ளிகளைத் தொடக்கத்திலோ நடுவிலோ இறுதியிலோ அமைக்கலாம். கோப்புப் பெயர்களுக்கு நடுவில் சுருக்குவதே பொருத்தம். பெயரின் தொடக்கமும் கோப்பு வகையைக் குறிக்கும் பின்னொட்டும் அப்போது மறையாது. சுருக்கத்தை இயக்கியவுடன் லேபிள் புள்ளிகளைக் காட்டத் தேவையான இடத்தையே குறைந்தபட்சமாகக் கேட்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அகலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் சில இடங்களில் புள்ளிகள் மட்டுமே எஞ்சும்.

சீரமைப்பு

சீரமைப்பில் இரு வேறு பண்புகள் அடிக்கடி ஒன்றாகக் கருதப்படுகின்றன. ஜஸ்டிஃபை என்னும் பண்பு, பல வரிகள் கொண்ட உரையில் வரிகள் ஒன்றுக்கொன்று எவ்வாறு அமைய வேண்டும் என்பதையே குறிக்கும். ஒற்றை வரி லேபிளில் அதனால் பயன் இல்லை. லேபிளுக்குக் கிடைத்த இடத்தில் உரை இடப்புறம் நிற்பதா, நடுவில் நிற்பதா என்பதை எக்ஸ்-அலைன் என்னும் பண்பு தீர்மானிக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 0.5, அதாவது நடு. 0 என்பது இடப்புறத்தையும் 1 என்பது வலப்புறத்தையும் குறிக்கும்.

விசைப்பலகையும் அணுகல்தன்மையும்

லேபிளின் உரையில் ஒரு எழுத்துக்கு முன் அடிக்கோடு இட்டு, அதை விரைவு விசையாக்கலாம். ஆல்ட் விசையுடன் அவ்வெழுத்தை அழுத்தினால், லேபிளுடன் இணைக்கப்பட்ட விட்ஜெட் செயற்படும். "பெயர்" என்னும் லேபிளை அருகிலுள்ள உரைப்பெட்டியுடன் இவ்வாறு இணைத்தால், ஓர்கா போன்ற திரைபடிப்பான்கள் அப்பெட்டி எதற்குரியது என்பதைப் பார்வையற்ற பயனருக்கு உரக்கச் சொல்ல முடியும். இணைக்காவிட்டால், கண்ணால் காண்போருக்கு மட்டுமே அவ்விரண்டும் தொடர்புடையவை.

கோப்புப் பெயர்களில் அடிக்கோடு இயல்பாகவே இடம்பெறும் என்பதால், அவற்றைக் காட்டும் லேபிள்களில் இவ்வசதியை இயக்குதல் கூடாது.

தமிழ் உரையைக் காட்டுதல்

பாங்கோ என்னும் பெயர், அனைத்தும் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் மொழி எனப் பொருள்படும் சப்பானியச் சொல்லையும் இணைத்து அமைந்தது. தமிழில் "கொ" என்பது படிப்பவருக்கு ஓர் எழுத்து. ஒருங்குறியில் ககரமும் ஒகர உயிர்க்குறியும் ஆகிய இரு குறியீடுகள். யுடிஎஃப்-8 வடிவில் 6 பைட்டுகள். திரையில் கொம்பு ககரத்தின் இடப்புறமும் கால் வலப்புறமும் நிற்க வேண்டும். இந்த ஒழுங்கைப் பாங்கோ கவனித்துக்கொள்வதால், நிரலாளர் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் உரையை நிரலிலேயே பைட்டுக் கணக்கில் வெட்டி லேபிளுக்குக் கொடுத்தால் எழுத்து சிதையும்; சுருக்கும் பணியை லேபிளிடமே விடுவது நல்லது.

திஸ்கி போன்ற பழைய குறியேற்றங்களில் உள்ள தமிழ் உரையை யுடிஎஃப்-8 வடிவுக்கு மாற்றிய பின்னரே லேபிளுக்குக் கொடுக்க வேண்டும். தமிழாக்கத்தில் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளமாக அமைவது வழக்கமாதலால், ஆங்கில உரைக்கு ஏற்ப அகலத்தை நிலையாக வரையறுத்த லேபிள்கள் தமிழில் வெட்டுப்படும். பல மொழிகளில் வழங்கவிருக்கும் செயலிகளில் அகலத்தைப் படப்புள்ளிகளில் நிலைப்படுத்தாமல், மடிப்பையும் சுருக்கத்தையும் பயன்படுத்துவதே பொருத்தமானது.

இவற்றையும் பார்க்க

பாங்கோ
கிம்ப்
க்னோம்
ஒருங்குறி
வரைகலைப் பயனர் இடைமுகம்