ஒரு புள்ளி, ஒரு பூஜ்ஜியம், ஒரு மருந்துச் சீட்டு: பிரின்ட்எஃப் கதை

1/
ஒரு மருந்துச் சீட்டு. அதுல "வார்ஃபரின் 1.0 மி.கி." என்று அச்சாகியிருக்கு. பிரின்டர் மை மங்கல், நடுவில் இருக்கிற புள்ளி தெரியலை. இப்போ அது என்ன? 10 மி.கி.!
ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து இது. பத்து மடங்கு உள்ளே போனால், காப்பாத்த வேண்டிய மருந்தே ரத்தக்கசிவை உண்டாக்கிடும்.

2/
அந்தப் பூஜ்ஜியம் எங்கிருந்து வந்துச்சு? கையால் எழுதியிருந்தால் அந்த டாக்டரோட பழக்கம். கம்ப்யூட்டர் அச்சிட்டிருந்தால்? "கம்ப்யூட்டர் அப்படித்தான் போடும்" என்று சொல்லிடுவோம். இல்லைங்க. அதையும் எங்கேயோ ஒரு மனுஷன்தான் முடிவு செய்திருப்பார்.
அந்த முடிவை எப்படி எடுக்கிறாங்க என்பதற்கு ஏறக்குறைய 70 வருஷ வரலாறு இருக்கு. கோடிங் தெரியாதவங்களும் தைரியமா வாங்க.

3/
முதல்ல ஒரு அடிப்படை. கம்ப்யூட்டருக்குள்ள எண்ணுக்கு மதிப்பு உண்டு, தோற்றம் கிடையாது. 1, 1.0, 1.000 எல்லாமே ஒரே மதிப்புதான். எத்தனை பூஜ்ஜியம், புள்ளி எங்கே, எத்தனை இடம் தள்ளி என்பதெல்லாம் காகிதத்துக்கு வரும்போதுதான் முடிவாகுது. அந்த முடிவை கம்ப்யூட்டருக்கு யாராவது சொல்லியாகணும்.

4/
1957. ஐபிஎம் 704 கம்ப்யூட்டருக்காக ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அதுல ஃபார்மேட் என்று ஒரு தனி வரி உண்டு. "எஃப்10.3" என்று எழுதினால், மொத்தம் 10 இடம், புள்ளிக்குப் பிறகு 3 இலக்கம் என்று அர்த்தம்.
எழுத்தை அச்சிடணும்னா இன்னும் கஷ்டம். எத்தனை எழுத்து என்று விரல்விட்டு எண்ணி, அந்த எண்ணிக்கையை முன்னால் போடணும். ஒண்ணு தப்பினாலும் போச்சு.

5/
அடுத்து அமெரிக்காவின் நியூ ஜெர்சி, பெல் ஆய்வகம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழியைச் சுருக்கி, கென் தாம்சன் "பி" என்ற சின்ன மொழியைச் செய்தார்.
பி-யில் ஒரு விசித்திரம். எண், எழுத்து என்ற பிரிவே கிடையாது. எல்லாமே ஒரே மாதிரி ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள 65 இருந்தால் அது எண்ணா, எழுத்தா என்று மெஷினுக்குத் தெரியாது.

6/
அதனாலதான் பிரின்ட்எஃப் தேவைப்பட்டது. 1972-ல் தாம்சன் எழுதிய பி மொழிக் கையேட்டிலேயே அது இருக்கு. பெயரின் கடைசியில் இருக்கிற "எஃப்" ஃபார்மேட்டைக் குறிக்குது.
(குறியீடுகளை கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும். இங்கே உச்சரிப்பை எழுதுறேன்.)
அதே 65-ஐ %டி போட்டு அச்சிட்டால் 65. %ஓ போட்டால் எட்டடிமான எண்ணாக 101. %சி போட்டால் ஆங்கிலத்தின் முதல் எழுத்து, பெரிய எழுத்தில். பெட்டி ஒண்ணு, முகம் மூணு!

7/
பி-யிலிருந்து டென்னிஸ் ரிட்சி உருவாக்கியதுதான் சி மொழி. இதுல முழு எண், தசம எண், எழுத்து என்று வகைகள் வந்தன. பி-யில் இல்லாத தசம எண்ணுக்கு %எஃப் வந்தது.
1978-ல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகம் வந்தது. அதில் வரும் முதல் புரோகிராம், உலகத்துக்கு வணக்கம் சொல்ற ஒரே ஒரு பிரின்ட்எஃப். இன்னிக்கும் சி படிக்கிற பிள்ளைங்க முதல் நாள் அதைத்தான் அடிக்கிறாங்க. 1989-ல் அமெரிக்கத் தரமாக சி அங்கீகரிக்கப்பட்டபோது பிரின்ட்எஃப்பும் அதில் இடம் பிடிச்சிடுச்சு.

8/
இதை எப்படிப் புரிஞ்சுக்கலாம்? கல்யாணப் பத்திரிகை கவர்ல பெயர் எழுத ஒரு கோடு விட்டிருப்பாங்க இல்லையா, அது மாதிரி. "வயது: %டி, எடை: %.1எஃப் கிலோ" என்று ஒரு வாக்கியம். % வரும் இடமெல்லாம் காலி இடம். பின்னால் வரிசையா மதிப்பைக் கொடுத்தால் அதுல போய் உட்காரும். %.1எஃப் என்றால் புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு இலக்கம்.

9/
சி-யில் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விதி இருக்கு. %5டி என்றால் "குறைஞ்சது 5 இடம்". எண்ணுக்கு 7 இலக்கம் இருந்தால்? பத்தி கோணலாகும், ஆனா ஏழு இலக்கமும் அச்சாகும். ஃபோர்ட்ரான் 77 தரத்தில், இடம் பத்தலைன்னா எண்ணுக்குப் பதிலா நட்சத்திரக் குறிகள் வரும்.
வழி வேற வேற. ஆனா ரெண்டுமே நேர்மையான வழி. அழகுக்காக ஒரு இலக்கத்தை வெட்டிட்டு, மிச்சத்தைச் சரியான எண் மாதிரி காட்டுறதில்லை. ஒரு டாக்டரா இதுக்கு நான் கைதட்டுவேன்.

10/
ஆனா புள்ளிக்குப் பின்னால் கதை வேற. வெறும் %எஃப் போட்டு 1-ஐ அச்சிட்டால் 1.000000 வரும். நீங்க எதுவும் சொல்லலைன்னா ஆறு இலக்கம் என்பதுதான் விதி. பார்க்க அசிங்கமா இருக்குன்னு பலரும் %.1எஃப் போடுவாங்க. இப்போ 1.0 என்று வரும்.
முதல் பதிவுல பார்த்த பூஜ்ஜியம் ஞாபகம் இருக்கா? இப்படித்தான் அது பிறக்குது.

11/
அதோட முடியலை. இதயத்துக்குக் கொடுக்கிற டிஜாக்சின் 0.125 மி.கி. என்று வெச்சுக்குவோம். %.1எஃப் அதை 0.1 ஆக்கிடும். ஐந்தில் ஒரு பங்கு மருந்து காகிதத்திலேயே காணாமல் போச்சு! கம்ப்யூட்டருக்குள்ள 0.125 பத்திரமா இருக்கும். ஆனா நர்ஸ் கையில் இருக்கிறது காகிதம்தானே?

12/
"அப்போ %ஜி போடலாமே" என்று புரோகிராமர் நண்பர்கள் சொல்வீங்க. நல்ல யோசனை. அது தேவையில்லாத பூஜ்ஜியத்தை விட்டுடும். 1 என்றால் 1, 0.125 என்றால் 0.125.
ஆனா ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க பென்சாதின் பென்சிலின் 12 லட்சம் யூனிட் போடுவோம். அந்த 12 லட்சத்தை %ஜி-யிடம் கொடுங்க. 1.2இ+06 என்று வரும்! ராத்திரி டியூட்டியில் இருக்கிற சிஸ்டர் அதை என்னன்னு படிப்பாங்க?

13/
மருத்துவம் இந்தப் பாடத்தைத் தனியா கத்துக்கிச்சு. 2004-ல், அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் "பயன்படுத்தவே கூடாத" குறியீடுகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. அதில் ரெண்டு நேரடியா நம்ம கதை. மருந்து அளவில் 1.0 வேண்டாம், 1 என்று எழுது. .5 வேண்டாம், 0.5 என்று எழுது.

14/
அதே பட்டியலில் ஒரு விதிவிலக்கும் உண்டு. லேப் ரிப்போர்ட்டில் கடைசிப் பூஜ்ஜியம் இருக்கலாம். ஏன்? பொட்டாசியம் 4.0 என்றால், ஒரு தசம இடம் வரைக்கும் அளந்திருக்காங்க என்ற தகவல் அந்தப் பூஜ்ஜியத்தில் இருக்கு.
அதாவது ஒரே பூஜ்ஜியம் லேப் தாளில் தகவல், மருந்துச் சீட்டில் ஆபத்து. இந்த வித்தியாசம் பிரின்ட்எஃப்புக்குத் தெரியாது. தெரியவும் வாய்ப்பில்லை. சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான்.

15/
நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தப்போ, ஒரு கேஸ் ஷீட்டில் 1.0 என்று எழுதிட்டு நகர்ந்துட்டேன். சீனியர் சிஸ்டர் ஒருத்தங்க ஷீட்டோட பின்னாடியே வந்து கேட்டாங்க: "டாக்டர், இது ஒண்ணா, பத்தா?" நான் எழுதினது ஒண்ணுதான். ஆனா அவங்க கண்ணால பார்த்தப்போ எனக்கே பத்து மாதிரி தெரிஞ்சது. அன்னிக்கு விட்ட பழக்கம் அது.
கேஸ் ஷீட்டுக்கு ஒரு சிஸ்டர் இருந்தாங்க. அச்சிட்ட தாளை யாரும் அப்படிச் சந்தேகப்பட்டுக் கேட்கிறதில்லை. அச்சில் வந்தால் சரியாத்தான் இருக்கும்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை.

16/
அதனால ரெண்டே ரெண்டு வேண்டுகோள்.
மருந்துச் சீட்டில் 1.0, 5.0 என்றோ .5 என்றோ பார்த்தால், கூச்சப்படாம டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ வாய்விட்டுக் கேளுங்க: "இது ஒண்ணா, பத்தா? அரையா, அஞ்சா?"
மருத்துவமனை மென்பொருள் எழுதுற தம்பி தங்கைகளே, %.1எஃப் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. எந்த மருந்து, எவ்வளவு சின்ன அளவு வரைக்கும் வரும், யார் படிப்பாங்கன்னு வார்டில் இருக்கிறவங்களைக் கேட்டுட்டு அடிங்க.
பிரின்ட்எஃப் 50 வருஷத்துக்கு முன்னாடியே அந்த முடிவை நம்ம கையில் கொடுத்துடுச்சு. அதை யோசிச்சு எடுப்போம்.